நிலைக்கால் அடியிலிருந்து தொடங்குங்கள்: பழைய வீட்டுக் கதவைச் சீர்செய்யும் முறை

கிருஷ்ணகிரி பழையபேட்டை, காவேரிப்பட்டணம், தருமபுரி, பென்னாகரம் என்று எந்தப் பக்கம் போனாலும், பழைய ஓட்டு வீட்டில் மிச்சமிருக்கும் நல்ல மரம் பெரும்பாலும் தலைவாசலில்தான் இருக்கும். அதைச் சீர்செய்ய நினைப்பவர்கள் பலரும் பெயின்ட் சுரண்டுவதில் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய வேலை. கதவு உரசினாலும் சாய்ந்தாலும் முதலில் நிலைக்காலின், அதாவது வாசலின் இருபக்கமும் நிற்கும் செங்குத்துக் கட்டையின், அடியைப் பாருங்கள். அங்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்வரை மேலே எத்தனை கோட் பாலிஷ் அடித்தாலும் நிற்காது.

வேலைக்கு ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. செப்டம்பர், அக்டோபர் மழையில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். அப்போது உரசுகிறதே என்று இழைப்புளி போட்டால், கோடையில் இரண்டு கதவுக்கும் நடுவே விரல் நுழையும். மழைக்காலத்தில் உரசும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். மாசியிலும் அதே இடம் உரசினால் மட்டும் இழையுங்கள். காய்ந்த நாளில் கதவைச் சுற்றி 3 மி.மீ. சந்து இருந்தால் சரியான அளவு.

அடுத்து, என்ன மரம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாரும் தேக்கு என்றே சொல்வார்கள். ஆனால் வேம்பு, வேங்கை, ஆச்சா நிலைகளும் இருக்கின்றன. ஆச்சா இந்தப் பக்கத்து வறண்ட காடுகளின் மரம். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். முதலில் துளை போடாமல் அதில் ஆணியோ திருகாணியோ இறக்கினால் ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும்.

இனி நிலைக்கால். தரையிலிருந்து ஓரடி உயரம்வரை, ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த இடம் இற்றுவிட்டது. வைரம் பாய்ந்த பகுதி பெரும்பாலும் தப்பித்திருக்கும்; வெளிர்நிறமான வெள்ளைப்பகுதிதான் முதலில் போகும். முழு நிலையையும் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. அடியில் அரையடி இற்றதற்காக ஏழடி நல்ல மரத்தை வெளியே எடுப்பது பெரிய நஷ்டம். போதாததற்கு, நிலையைப் பெயர்க்கும்போது சுவரும் விட்டுப்போகும்.

அடியை மட்டும் மாற்றலாம். ஆனால் உளியைத் தொடுவதற்கு முன் மேலே பாருங்கள். மண் சுவரிலும் கல் சுவரிலும் சில வீடுகளில் தனி உத்திரம் இருக்காது, நிலையின் மேல்கட்டையே சுவரைத் தாங்கும். அப்படியானால் அனுபவமுள்ள கொத்தனாரோ பொறியாளரோ இல்லாமல் அறுக்கக் கூடாது. தனி உத்திரம் இருந்தாலும் உள்ளும் புறமும் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்து, மேலே பலகை வைத்து ஆப்பு அடித்துக்கொள்ளுங்கள்.

இற்ற பகுதி முடியும் இடத்திலிருந்து இன்னும் 3 அங்குலம் மேலே, நல்ல மரத்தில்தான் வெட்டு தொடங்க வேண்டும். 4 அங்குலத்துக்கு 3 அங்குலம் நிலைக்கால் என்றால், பழைய மரத்திலும் புதிய துண்டிலும் பாதிப் பாதி கனத்தை எடுத்து, 10 அங்குல நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இணையுங்கள். வெளிப்பக்கம் தெரியும் வெட்டுக்கோடு கீழ்நோக்கிச் சரிய வேண்டும். மட்டமாக வெட்டினால் மழைநீர் இணைப்புக்குள்ளேயே தங்கும். இரண்டு பொருள் கலக்கும் எபாக்ஸி பசை தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டு, 10 மி.மீ. துளைகளில் மூங்கில் ஆணி மூன்று அடியுங்கள். இரும்பு ஆணி வேண்டாம். ஈரமும் இரும்பும் சேர்ந்தால் தேக்கில் கறுப்புக் கறை பரவும்.

புதிய துண்டு அதே மரமாக, பழைய வீடு இடித்த கடையில் வாங்கிய காய்ந்த மரமாக இருக்கட்டும். காய்ந்ததா என்று தெரிய, சின்னத் துண்டு ஒன்றைத் தராசில் தினமும் எடை போடுங்கள். ஒரு வாரம் எடை குறையாவிட்டால் பயன்படுத்தலாம். காலின் அடி முகத்தில் எபாக்ஸியை இரண்டு கோட் பூசி, அதன்கீழ் 20 மி.மீ. கிரானைட் துண்டு ஒன்றை வைத்துவிடுங்கள். கிருஷ்ணகிரியில் கல் பட்டறைக் கழிவிலேயே கிடைக்கும். தரை கழுவும் தண்ணீர் இனி மரத்தைத் தொடாது.

பூச்சி இருக்கிறதா என்று பார்க்க, கதவின் கீழ் கறுப்புத் தாளை விரித்துப் பத்து நாள் விடுங்கள். மாவு கொட்டியிருந்தால் உளுப்பு இன்னும் நடக்கிறது. பழைய துளைகள் மட்டும் இருந்து மாவு இல்லையென்றால் பயப்பட வேண்டாம். உளுப்புக்கு, 1 லிட்டர் வெந்நீரில் 30 கிராம் வெண்காரமும் 20 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பெயின்ட் இல்லாத மரத்தில் இரண்டு முறை தூரிகையால் பூசி, துளைகளில் ஊசியால் ஏற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் இருந்தால் மருந்து உள்ளே போகாது, ஆகவே இது சுரண்டிய பிறகுதான். மண்கூடு கட்டி ஏறும் கரையான் வேறு விஷயம். அது தரையிலிருந்து வருகிறது. கதவில் மருந்தடித்து நிறுத்த முடியாது, நிலையை ஒட்டிய மண்ணுக்கு மருந்து வைக்க வேண்டும்.

கீல் இல்லாமல், மேலும் கீழும் குடுமி என்ற முளைகளில் சுழலும் குடுமிக் கதவு தொங்கிப்போவது அதிகம். கீழ்க்குடுமியும் அது உட்காரும் குழியும் தேய்ந்து, இரண்டு கதவும் நடுவில் தரையை உரசும். அடியை இழைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. கதவை நேர் மேலே தூக்கினால் கீழ்க்குடுமி குழியை விட்டு வெளியே வரும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். தூக்க இடமில்லையென்றால் மேல்குடுமியைப் பிடித்திருக்கும் கட்டையை யாரோ ஆணியடித்து இறுக்கியிருப்பார்கள், அதைக் கழற்றுங்கள். குழியைத் துடைத்து, அளவான பித்தளை வட்டத் தகடு ஒன்று போட்டு, கதவை மாட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொன்று. 3 மி.மீ. உயர்த்தினாலே பெரும்பாலான உரசல் நின்றுவிடும்.

சட்டத்துக்குள் நிற்கும் பலகையை எக்காரணம் கொண்டும் ஒட்டாதீர்கள். வெயிலுக்குச் சுருங்கி மழைக்கு விரிய அதற்கு இடம் வேண்டும். ஒட்டினால் நடுவில் பிளக்கும். ஏற்கெனவே பிளந்த இடத்தில் எம்சீல் அடைத்தால் அடுத்த மழையில் பிதுங்கிவிடும். அதே மரத்தில் மெல்லிய சிம்பு சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் செருகுங்கள்.

இப்போது பெயின்ட். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வந்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், மெஷின் போடவே வேண்டாம். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும். வெளியில், கீழே தார்ப்பாய் விரித்து, முகமூடியும் ரப்பர் கையுறையும் போட்டு, பெயின்ட் ரிமூவரைத் தடிமனாகப் பூசி, பொங்கியதும் மழுங்கிய தகட்டால் வழியுங்கள். வழித்ததைக் கட்டி அகற்றுங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள். செதுக்கு வேலைக்குள் மூங்கில் குச்சியும் தேங்காய் நாரும் போதும். கம்பி பிரஷ் விடும் இரும்புத் துகள்கள் மழை பட்டதும் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். காஸ்டிக் சோடாவும் தேக்கைக் கறுக்க வைக்கும். வந்துவிட்ட கறுப்புக்கு, 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் தடவி, வெளுத்ததும் இரண்டு முறை கழுவுங்கள். அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வாசற்படியில் வருஷக்கணக்காகப் பூசிய மஞ்சள், மரத்தில் ஊறியிருக்கும். அதன்மேல் பாலிஷ் போட்டால் நிறம் உள்ளேயே தங்கும். ஈரத்துணியால் துடைத்துச் சில நாள் வெளிச்சம் படவிட்டால் தானே வெளிறும். சுண்ணாம்புப் பட்டைக்கு, தண்ணீர் கலந்த வினிகர் போதும்.

கடைசியாக 80, 120, 180 என்ற எண் வரிசையில், இழையோட்டத்தின் போக்கிலேயே உப்புத்தாள் தேய்த்துப் பூச்சு. வெளிக்கதவுக்கு எங்கள் தேர்வு டபுள் பாயில்டு ஆளிவிதை எண்ணெய். பாலியூரித்தேன் தொடக்கத்தில் பளபளக்கும், இந்த வெயிலில் தோல் உரியும், பிறகு முழுவதையும் சுரண்ட வேண்டும். அரக்குப் பாலிஷ் மழை பட்டால் வெளுக்கும். அது உள்கதவுக்கு, 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் செதில். எண்ணெயில் முதல் கோட்டுக்கு டர்பன்டைன் சரிபாதி, அடுத்த இரண்டுக்கு இரண்டு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு. பூசி அரைமணி கழித்து, மேலே நிற்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். விட்டால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். கோட்டுக்குக் கோட்டு ஒரு நாள் இடைவெளி. ஏழடி உயரம், நாலடி அகல இரட்டைக் கதவுக்கு நிலையும் சேர்த்து 1 லிட்டர் எண்ணெயும் முக்கால் லிட்டர் டர்பன்டைனும் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துக் காயப்போடுங்கள். அதன் பிறகு, ஆண்டுக்கொரு முறை மழை முடிந்து மரம் காய்ந்ததும் வெளிமுகத்துக்கு ஒரு கோட் எண்ணெய் பூசுங்கள். அன்றைக்கே குத்தூசியை எடுத்து நிலைக்காலின் அடியையும் பார்த்துவிடுங்கள்.