அட்லாண்டிக் அடிமை வணிகத்தை மாணவர்களுக்கு விளக்குவது எப்படி?

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கோ சமூக மன்ற வாசகர் வட்டத்துக்கோ இந்த வரலாற்றைச் சொல்ல முன்வருவோர், அமெரிக்கப் பருத்திக் காடுகளில் தொடங்காமல் கரும்பில் தொடங்குவது நல்லது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் மதெய்ரா, சாவோ தோமே தீவுகளில் போர்ச்சுகீசியர் அடிமை உழைப்பைக் கொண்டு நடத்திய சர்க்கரைத் தோட்டங்களே பிரேசிலுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் முன்மாதிரியாயின.

அடுத்து, உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அளவைச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1501 முதல் 1866 வரை சுமார் 12.5 மில்லியன் ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டனர். உயிரோடு கரையிறங்கியோர் சுமார் 10.7 மில்லியன். அவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிரேசிலுக்கும், 400,000க்கும் குறைவானோர் மட்டுமே இன்றைய அமெரிக்காவுக்கும் நேரடியாகக் கொண்டுசெல்லப்பட்டனர் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும் என்பதால், இங்கே அவசரப்படாதீர்கள்.

எண்கள் மட்டும் மனத்தில் தைக்காது. லிவர்ப்பூலைச் சேர்ந்த ‘புரூக்ஸ்’ என்ற அடிமைக் கப்பலின் 1788ஆம் ஆண்டு வரைபடத்தைக் காட்டி, அதில் ஓர் ஆணுக்கு ஒதுக்கப்பட்ட 6 அடி நீளத்தையும் 16 அங்குல அகலத்தையும் வகுப்பறைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துவிடுங்கள். அவ்வாண்டு வந்த பிரிட்டிஷ் சட்டப்படி அக்கப்பலில் 454 பேரை ஏற்ற அனுமதி இருந்தது. அதற்கு முந்தைய பயணமொன்றில் அதே கப்பல் 600க்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரைப் பற்றிய கேள்வி நிச்சயம் எழும். அவர்கள் பட்ட துயரைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அவர்களின் பிள்ளைகள் பிறக்கும்போதே முதலாளியின் உடைமையாகவில்லை என்ற வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும்.