அரசின்மைவாதிகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டுவழிச் சாலைக்காக 2018-ல் வயல்களில் அளவுக்கல் நடப்பட்டதைப் பார்த்த சேலத்து இளைஞர்களுக்கு அரசு, அதிகாரம் பற்றிக் கேள்விகள் எழுவது இயல்பு. மேலிருந்து ஆளும் அரசு வேண்டாம், மக்கள் தாங்களே கூடிப் பேசி வாழ்வை நடத்தலாம் என்றவர்கள் அரசின்மைவாதிகள். அந்த இளைஞர்களில் சிலர், ரஷ்ய அரசின்மைவாதிகளான பக்கூனினையும் குரோபோட்கினையும் தேடிப் படிப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் படிக்கிற விதத்தில் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, ஒழுங்கே வேண்டாம் என்று சொன்னவர்கள் இவர்கள் என எடுத்துக்கொள்வது. ஐரோப்பிய ரயில் கம்பெனிகள் மேலே ஒரு தலைமை இல்லாமல், தங்களுக்குள் பேசியே நாடு விட்டு நாடு ரயில் விட்டதைக் குரோபோட்கின் வியந்து எழுதினார். விதியை யார் போடுகிறார்கள், யார் மாற்றலாம் என்பதுதான் அவர் கேள்வி. கொலுசுப் பட்டறைத் தெருக்களில் நடக்கும் குலுக்கல் சீட்டைக் கவனியுங்கள். பெயர் எழுதிய துண்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பணம் கட்டும் தேதியில் கறார்தான். ஆனால் ஒரு வீட்டில் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு என்றால், எல்லோரும் கலந்து பேசி அந்த மாதம் குலுக்காமலே அவர்களுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. குரோபோட்கின் 1902-ல் ஒரு முழுப் புத்தகமாக வெளியிட்ட பரஸ்பர உதவி இதுதான்.

சரி, அந்தச் சீட்டில் யாரைச் சேர்க்க மாட்டார்கள்? இதைக் கேட்காமல் விடுவது முதல் தவறைவிடப் பெரியது. ஏற்காட்டு மலை ஊர்களைக் காட்டி, 'ஊர்ப் பெரியவர் பேச்சு போதும், போலீஸ் எதற்கு' என்று உருகுபவர்கள் உண்டு. ரஷ்யக் கிராம சமூகத்தைப் பற்றி 1873-லேயே பக்கூனின் கடுமையாக எழுதிவிட்டார்: குடும்பத்தில் தந்தையின் ஆட்சி, தனி மனிதரை ஊர் விழுங்கிவிடுவது, ஜார் மீது பக்தி. நம் ஊர்க்கட்டுப்பாட்டில் சாதியும் சேர்ந்துகொள்கிறது. ஊரைவிட்டு ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசு தூரத்தில் இருப்பது விடுதலை ஆகாது. காக்கி போடாத அதிகாரமும் அதிகாரம்தான்.

இவர்களை வேதமாக்குவதும் வேண்டாம். பெண்களைப் பற்றிப் பிரெஞ்சு அரசின்மைவாதி புரூதோன் எழுதியவை வெட்கக்கேடு. முதல் உலகப் போரில் குரோபோட்கின் ஒரு தரப்பை ஆதரித்தபோது, அரசுகளின் போரையே எதிர்த்த தோழர்கள் அதிர்ந்தார்கள்.

அப்புறம், 'தோற்றுப்போனவர்கள்தானே' என்று ஒதுக்குவது. பல நாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் சேர்ந்த முதல் அகிலத்திலிருந்து பக்கூனின் 1872-ல் வெளியேற்றப்பட்டார், உண்மை. ஆனால் தொழிலாளர் பெயரால் ஆட்சிக்கு வருபவர்கள் சீக்கிரமே முன்னாள் தொழிலாளர்களாகி, உழைப்பவர்களை மேலிருந்து பார்ப்பார்கள் என்ற அவர் எச்சரிக்கை தோற்கவில்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தேர்தல் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பிலேயே ஓடினால் என்ன ஆகிறது? உறுப்பினர் பாவு வாங்கவும் சேலை கொடுக்கவும் மட்டும் வந்துபோகிற ஆளாகிவிடுகிறார். கணக்கு எங்கே, யார் முடிவெடுத்தது என்று கேட்கும் பழக்கமே போய்விடுகிறது.

கடைசியாக, இது வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்ற நினைப்பு. 1887-ல் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, புதுச்சேரியில் பாரதியோடு 'இந்தியா' பத்திரிகையில் இருந்தவர். 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியவர்களில் ஒருவர். கட்சியை உடன் தொடங்கிய எம்.என். ராயோடு முரண்பட்டு விலக்கப்பட்டார். பிறகு 1954-ல் மும்பையில் இறக்கும்வரை அரசின்மைவாதியாகவே எழுதினார். ரஷ்யர்களோடு அவரையும் சேர்த்துப் படியுங்கள்.