பக்கத்து வீட்டுச் சேவல் தூங்க விடவில்லையா?
கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். பக்கத்துக் கொல்லையில் கூவும் சேவல் நம் தலைமாட்டில் கூவுவது போலத்தான் கேட்கும். கூண்டின் மேல் சாக்கைப் போட்டால் தெருவிளக்கு, பைக் வெளிச்சம் பட்டுக் கூவுவது குறையும். முழுசாக நிற்காது. சேவலுக்கு உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. நாள் முழுக்க ஒரே மங்கலான வெளிச்சத்தில் வைத்தாலும் விடியுமுன் கூவும் என்பதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வு 2013இல் காட்டியது.

அதனால் கூண்டைப் பொதுச்சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தூக்கம் கெட்ட கோபத்தோடு காலையிலேயே போய் நிற்க வேண்டாம், சாயங்காலம் போங்கள். "அக்கா, முட்டைக்குத்தானே வளக்குறீங்க? சேவல் இல்லாமலே கோழி முட்டை போடும், குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இது தெரியாது. சேவல் கிராமத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடும், இல்லையென்றால் குழம்புக்கு!

எதற்கும் மசியவில்லையா? சரி, மாநகராட்சியில் எழுத்தில் மனு கொடுங்கள். அதற்கு மேல் பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் போகலாம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 152ஆம் பிரிவு). தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் அது எடுபடும்.