மரப் படப்புதிர்: ஈரக்காற்று ஊரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெட்டிய துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் மட்டை ஜிக்சோவில் பழகிய கை அதே பழக்கத்தோடு மரப்புதிரைத் தொடும்போதுதான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. மட்டை வளைந்து கொடுக்கும். மரம் வளையாது, முறிந்துவிடும். அதற்கு மேல், வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் நம் ஊர்களுக்குக் குளிர்நாட்டுப் பராமரிப்புக் குறிப்புகள் அப்படியே பொருந்தாது. இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் ஐப்பசி தொடங்கித் தை வரை அடைமழை. வைகாசிக்குப் பிறகு கச்சான் என்ற வறண்ட காற்று வீசும். மழையில் ஊதுகிற மரம் கச்சானில் சுருங்கும்.

மிகப் பெரிய தவறு, மழை மாதங்களில் துண்டை அழுத்திப் பொருத்துவது. இன்றைய மரப்புதிர்கள் பெரும்பாலும் 3 முதல் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளைவூட்டில் லேசரால் வெட்டப்பட்டவை. வெட்டின் இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் சிறு பங்குதான். ஆடியில் தானாக இறங்கிய துண்டு மார்கழியில் இறுகி நிற்பதற்கு, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மரம் ஊதியிருப்பதே காரணம். அந்த நேரம் பெருவிரலால் அமுக்கினால் முதலில் போவது, பக்கத்துத் துண்டில் பூட்டிக்கொள்ளத் துண்டின் விளிம்பில் நீட்டி நிற்கும் குமிழின் கழுத்து. மூன்றடுக்குப் பிளைவூட்டில் மேலும் கீழும் உள்ள அடுக்குகளின் நார் ஒரு திசையில் ஓடும், நடு அடுக்கின் நார் அதற்குக் குறுக்கே ஓடும். கழுத்து நடு அடுக்கின் திசையில் அமைந்துவிட்டால், அதைத் தாங்குவது அந்த ஒரே அடுக்குத்தான். ஒரே படத்தில் சில குமிழ்கள் உறுதியாக இருக்க, சில தொட்டதும் உடைவது இதனால்தான்.

இறுகிய துண்டுகளை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் உள்ள பையோடு மூடிய டப்பாவில் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். பொருத்தும்போது துண்டை நேர் மேலிருந்து மட்டமாக இறக்குங்கள். ஒரு மூலையை முதலில் நுழைத்து மறுமூலையை அமுக்கினால் மேற்தோல் பெயரும்.

ஈரம் போகட்டும் என்று முற்றத்து வெயிலில் காயவைப்பது அடுத்த தவறு. வெயில் படுகிற பக்கம் முதலில் சுருங்கித் துண்டு கிண்ணம்போலக் குழியும், படத்தின் நிறமும் வெளிறும். வீட்டுக்குள் நிழலில், பேன் காற்றில் பரப்பி வைத்தாலே போதும்.

காற்றுப் புகாத டப்பா நல்லதுதான், ஆனால் மூடுகிற காலம் முக்கியம். மார்கழியில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுவீர்கள், பூஞ்சணம் உள்ளேயே வளரும். கச்சான் காலத்தில் மழையில்லாத ஒரு நாள் நண்பகலில் துண்டுகளைப் பரப்பி, மாலைக்கு முன் டப்பாவில் போட்டு மூடுங்கள். 5 லீற்றர் டப்பாவுக்கு 20 முதல் 30 கிராம் சிலிக்கா ஜெல் போதும். ஈரம் குடித்ததும் செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். சிலிக்கா ஜெல்லுக்குப் பதிலாக அரிசி முடிச்சுப் போடுவது பூச்சியை விருந்துக்கு அழைப்பது. பச்சை வேப்பிலையோ தன் ஈரத்தைப் பெட்டிக்குள் விடும். பூச்சியுருண்டையின் மணம் மரத்தில் ஊறினால் இலேசில் போகாது.

பெட்டியைத் தரையிலோ சுவரோடு ஒட்டியோ வைக்காதீர்கள், கறையான் வரும் வழி அது. துண்டுகளின் அடியில் மாப்போல நுண்ணிய தூள் கிடந்தால் உளுப்பு, அதாவது மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலை. அதற்கு மருந்து அடிக்கத் தேவையில்லை. பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, −18 பாகை செல்சியசில் ஓடும் உறைகுளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. குளிர்ந்த மரத்தில் நம் ஊர்க் காற்று பட்டவுடன் நீர் கோர்த்துவிடும். ஒரு முழு நாள் கட்டவிழ்க்காமல் விடுங்கள்.

இனி அடுக்கும் முறைக்கு வருவோம். ஓரத்துண்டுகளை முதலில் பொறுக்குவது மட்டை ஜிக்சோவுக்குச் சரி. மரப்புதிரை வெட்டுகிறவர்கள் அந்தப் பழக்கத்தை அறிந்தே ஏமாற்றுவார்கள். படத்தின் நடுவில் நேர்க்கோட்டு விளிம்புள்ள துண்டுகள் இருக்கும், மூலையை இரண்டாகப் பிளந்து வெட்டியிருப்பார்கள். நிற எல்லையின் மேலேயே வெட்டுவதும் உண்டு. அப்போது நீல வானத்தின் பக்கத்துத் துண்டில் நீலம் ஒரு பொட்டுக்கூட இருக்காது. 1909 இல் அமெரிக்காவின் விளையாட்டுப் பொருள் நிறுவனமான பார்க்கர் பிரதர்ஸ் பெருமளவில் விற்ற மரப்புதிர்களின் காலத்தில் பெட்டியில் படமும் இருக்கவில்லை. இவ்வகைப் புதிரில் பறவை, மரம், மனிதர் என்று உருவமாக வெட்டிய துண்டுகளை முதலில் தனியே எடுங்கள். அவற்றின் வெளிவிளிம்பு வேறெங்கும் பொருந்தாது என்பதால், அண்டைத் துண்டுகளைக் கண்டுபிடிப்பது எளிது. ஓரம் கடைசியில் தானாகச் சேரும்.

பன்பாயில் வைத்து அடுக்காதீர்கள். நெசவின் மேடுபள்ளத்தில் துண்டுகள் ஒரே மட்டத்தில் நிற்காமல் விளிம்புகள் உரசிக்கொள்ளும். ஹார்ட்போர்ட் பலகைதான் சரி. படத்தின் அளவைவிட நாலு பக்கமும் 10 சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டுவித்துக்கொள்ளுங்கள். துண்டு பிரிக்கச் சுளகு நல்லது, உள்ளே ஒரு பருத்தித் துணி விரித்தால்.

கலைக்கும்போது மட்டைப்படம்போல மடித்து நொறுக்கவே கூடாது. பலகையின் விளிம்புக்கு வெளியே ஒரு வரிசை நீட்டும்படி படத்தை மெல்ல நகர்த்தி, அடியிலிருந்து விரலால் மேலே தள்ளினால் துண்டு காயமில்லாமல் கழரும்.

பழைய புதிர் வாங்கும்போது, “முழுமையானது” என்ற சொல்லை நம்பாமல் அடுக்கி முடித்த படத்தின் புகைப்படத்தைக் கேளுங்கள். துண்டு எண்ணிக்கை சரியாக இருந்தும், வேறு புதிரின் துண்டு ஒன்று கலந்திருக்கலாம். வந்து சேர்ந்ததும் பத்துப் பத்தாக எண்ணுங்கள். அழுக்கை ஈரத் துணியால் துடைப்பது பழையவற்றுக்கு ஆபத்து, ஏனெனில் படக் கடதாசியை ஒட்டிய பசை நீரில் இளகும். காய்ந்த மென்தூரிகை போதும். புதிய லேசர்ப் புதிரின் விளிம்புக் கரியையும் காய்ந்த துணியாலேயே எடுங்கள்.

உடைந்த குமிழுக்குச் சூப்பர் குளூ வேண்டாம். அது நாருக்குள் ஓடிக் கறையாகும், ஒட்டிய இடமும் நொறுங்குந்தன்மை அடையும். தச்சர் பாவிக்கும் வெள்ளை பைண்டர் கம்மைப் பல்லுக்குத்தி நுனியால் தொட்டு வையுங்கள். பிதுங்கியதை உடனே துடைத்துவிடுங்கள், காய்ந்த பசையின் மெல்லிய வரம்புகூடத் துண்டை இறங்கவிடாது. மேலும் கீழும் பொலித்தீன் தாள் வைத்து, பாரம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். பொருத்திப் பார்ப்பது அதன் பிறகுதான். எந்தத் துண்டு ஒட்டப்பட்டது, எது காணவில்லை, கடைசியாக எந்த மாதம் காயவைத்தது என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் வைத்துவிடுங்கள்.