விடுதி மிச்சச் சோற்றோடு சுற்றுச்சூழல் போட்டிக்குப் போவது எப்படி

பசுமைத் தலைப்பில் போட்டிக்கு வரும் மாணவர் அணிகள் பெரும்பாலும் கருவியை முதலில் செய்துவிடுகின்றன, பிரச்சினையை அப்புறம்தான் தேடுகின்றன. நடுவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளிலேயே சாயம் வெளுத்துவிடும். எடை போட்டுப் பார்த்த பிறகு கருவியில் கை வைப்பதே சரியான வரிசை. கல்லூரி விடுதி மெஸ்ஸில் மிஞ்சும் உணவை மூடிய தொட்டியில் மக்கவைத்து எரிவாயு (பயோகேஸ்) எடுக்கும் பழகிய திட்டத்தை வைத்தே அதைப் பார்க்கலாம்.

போட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அது எதற்கு மதிப்பெண் தருகிறது என்று பாருங்கள். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் அணிக்கு 6 பேர்; எல்லோரும் ஒரே கல்லூரி, குறைந்தது ஒருவர் பெண்; முதலில் கல்லூரி அளவிலான சுற்றைத் தாண்ட வேண்டும். அங்கே ஓடிக் காட்டும் மாதிரிக் கருவிக்கே அதிக மதிப்பெண். நான் முதல்வன் திட்டத்தின் நிரல் திருவிழாவும் ஏறக்குறைய அந்த வகைதான். 10 லட்சம் டாலர் பரிசு தரும் ஹல்ட் பரிசு போன்றவை வியாபாரம் நிற்குமா என்றுதான் பார்க்கும். பள்ளி மாணவர்களுக்குத் தமிழக அரசின் தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் நடத்தும் திட்டம் இருக்கிறது. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள். சீனியர் சொன்ன விதி போன வருடத்து விதியாக இருக்கும்.

ஏழு நாள் எடை

50 கிலோ தொங்கு தராசு ஒன்று, மூடியுள்ள வாளிகள் மூன்று, ஒரு நோட்டு. வாளியின் வெற்று எடையை வாளி மேலேயே எழுதிவிடுங்கள். காலை, மதியம், இரவு தனித்தனியாக நிறுக்க வேண்டும். அன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதும் அதே வரியில் வர வேண்டும். சோறு, குழம்பு ஒரு வாளி. காய்கறித் தோல் ஒரு வாளி. எலும்பு, முட்டை ஓடு, முருங்கைச் சக்கை மூன்றாவது வாளி, இது தொட்டிக்குள் போகாது. ரசத்தையும் சாம்பார்த் தண்ணீரையும் வடிக்காமல் நிறுத்தால் கணக்கு ஊதிவிடும். ஞாயிற்றுக்கிழமையைக் கட்டாயம் சேருங்கள். பிரியாணி போடும் நாளும் உப்புமா போடும் நாளும் ஒன்றல்ல.

இந்தக் கழிவு இப்போது எங்கே போகிறது என்றும் அதே வாரத்தில் விசாரியுங்கள். பல மெஸ்களில் மிச்சத்தைப் பன்றிப் பண்ணைக்காரர் வண்டியில் வந்து எடுத்துப்போகிறார். அப்படியானால் ‘குப்பை மேட்டில் அழுகி மீத்தேன் கிளம்புவதைத் தடுக்கிறோம்’ என்று நீங்கள் எழுத முடியாது. அது அங்கே போகவே இல்லை.

நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை வருகிறதா என்பதையும் பாருங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி அந்த அளவைத் தாண்டினால் கல்லூரி ‘மொத்தக் கழிவு உருவாக்குபவர்’, அதாவது பெருமளவில் குப்பை உண்டாக்கும் இடம். ஈரக் கழிவை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே முடிக்கும் பொறுப்பு வந்துவிடும். உங்கள் திட்டத்தை வாங்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

காசுக் கணக்கு

10 கிலோ உணவுக் கழிவுக்குத் தோராயமாக 1 கன மீட்டர் வாயு. 1 கன மீட்டர் என்பது 0.45 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். 50 கிலோ கழிவு என்றால் நாளுக்கு 2.25 கிலோ எல்.பி.ஜி. மிச்சம். வணிக சிலிண்டர் 19 கிலோ. கிலோ 100 ரூபாய் என்று வையுங்கள் (உண்மை விலையை மெஸ் பில்லில் பார்த்துப் போடுங்கள்). நாளுக்கு 225 ரூபாய். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு அரை மணி நேரக் கூலி 60 ரூபாய் கழித்தால் 165. விடுமுறை போக 260 நாளுக்கு 42,900 ரூபாய். தொட்டியும் குழாயும் இரண்டரை லட்சம் ஆகும் என்றால் போட்ட காசு திரும்ப ஏறக்குறைய ஆறு வருடம்.

இந்தக் கூலி வரியை அணிகள் மறைக்கும். நடுவர் அங்கேதான் கை வைப்பார்.

அடுத்து, சிலிண்டர் பில் யார் கட்டுகிறார்? மெஸ் கான்ட்ராக்டர் என்றால், அவர் ஒப்பந்தம் ஒரு வருடம். ஆறு வருடத்தில் திரும்பும் முதலீட்டை ஏன் போடுவார்? நிர்வாகம் வாங்க வேண்டும், ஆனால் மிச்சமாகும் காசு அதற்கு வராது. இங்கேயே பல திட்டங்கள் படுத்துவிடுகின்றன.

எனவே தொட்டி விற்பதை விடுங்கள். சிறு எரிவாயுத் தொட்டி புதிதும் இல்லை. புனேயின் ஆர்த்தி நிறுவனம் உணவுக் கழிவில் ஓடும் கச்சிதமான தொட்டிக்கு 2006-இலேயே பசுமை ஆற்றலுக்கான ஆஷ்டன் விருது வாங்கிவிட்டது. ஏற்கெனவே கட்டி, உள்ளே அமிலம் ஏறிப் புளித்துப்போய், மூலையில் கிடக்கும் தொட்டிகளை மீட்டு ஓட வைப்பது இதைவிட நல்ல தொழில். மாதச் சந்தா வாங்கலாம், முதலீடும் குறைவு. புதுமையும் அங்கேதான் இருக்கிறது.

மாதிரி

மீட்கும் வேலையைச் செய்து காட்டவும் உங்களுக்கு ஒரு சின்னத் தொட்டி வேண்டும்: 200 லிட்டர் டிரம்மில் 160 லிட்டர் கரைசல், அதன் மேல் வாயு பிடிக்கக் கவிழ்த்த சின்ன டிரம். பசுஞ்சாணமும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி இரண்டு, மூன்று வாரம் விடுங்கள். முதலில் வரும் வாயு எரியாது, பெரும்பகுதி கரியமில வாயு, அதை வெளியேற்றுங்கள். எரியத் தொடங்கிய பிறகு உணவுக் கழிவை நாளுக்கு 200 கிராமில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் 1 கிலோவுக்கு ஏறுங்கள். அரைத்து, இரண்டு லிட்டர் தண்ணீர் சேர்த்து ஊற்ற வேண்டும். முதல் நாளே முழு வாளியைக் கொட்டினால் அமிலம் ஏறி, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் முடங்கிவிடும்.

வாயுவை அளக்க மீட்டர் வேண்டாம். மேல் டிரம்மின் விட்டம் 50 செ.மீ. என்றால் அது 1 செ.மீ. எழும்பும்போது உள்ளே ஏறக்குறைய 2 லிட்டர் வாயு சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் ஒட்டி, தினமும் ஒரே நேரத்தில் படியுங்கள்.

எல்.பி.ஜி. அடுப்பை அப்படியே மாட்டினால் சுடர் நிற்காது. சிலிண்டரில் வரும் அழுத்தம் இங்கே இல்லை. ஜெட் துளையைப் பெரிதாக்கி, காற்று வழியைக் குறைக்க வேண்டும். பற்றவைப்பது திறந்த வெளியில், நீள ஹோஸின் மறுமுனையில். டிரம்மின் வாயில் ஒருபோதும் கூடாது.

புளிப்பை முன்கூட்டிப் பிடிப்பது

பி.எச். 6.8 முதல் 7.2 வரை இருந்தால் நல்லது. ஆனால் பி.எச். விழும்போது காரியம் முக்கால்வாசி கெட்டிருக்கும். கரைசலின் காரத்தன்மை அதுவரை தாங்கிப் பிடித்து மறைத்துவிடும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலேயே இதற்கு ஒரு டைட்ரேஷன் உண்டு. வடிகட்டிய கரைசல் 20 மி.லி. எடுத்து, 0.1 நார்மல் கந்தக அமிலத்தைப் பி.எச். 5.0 வரை விடுங்கள்; செலவானது ‘அ’ மி.லி. மேலும் 4.4 வரை விட்டது ‘ஆ’ மி.லி. ‘அ’வை 250-ஆல் பெருக்கினால் காரத்தன்மை. ‘ஆ’வை 1.66-ஆல் பெருக்கி, 0.15 கழித்து, 500-ஆல் பெருக்கினால் அமிலம். அமிலத்தைக் காரத்தன்மையால் வகுத்தால் வரும் எண்தான் முக்கியம்.

‘அ’ 24, ‘ஆ’ 3 என்றால்: 6,000, 2,415, விகிதம் 0.40. 0.3 பக்கம் இருந்தால் நிம்மதி. 0.4-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அன்றே ஊட்டுவதை நிறுத்திவிடுங்கள், சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மெஸ் ஊழியரே செய்யக்கூடிய கிட்டாக இதை மாற்றிக் காட்டுவதுதான் உங்கள் மாதிரி. டிரம் அதற்குச் சாட்சி மட்டும்.

காப்புரிமை எண்ணம் இருந்தால் போஸ்டர் ஒட்டும் முன் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விவரத்துக்கு 12 மாதம் அவகாசம். மேடையில் காட்டிய பிறகு போனால் ‘புதியது’ என்ற தகுதியே கேள்விக்குள்ளாகிவிடும்.

மேடையில்

முதல் ஸ்லைடில் பூமிப்பந்து படம் வேண்டாம். மூடிக்கிடக்கும் ஒரு தொட்டியின் புகைப்படம், பக்கத்தில் அதைக் கட்ட ஆன செலவு, அவ்வளவு போதும். அரங்கத்துக்குள் வாயு கொண்டுவர விட மாட்டார்கள்; சுடரின் வீடியோவும் 30 நாள் அளவு வரைபடமும் கொண்டுபோங்கள். தொட்டி புளித்த வாரத்தை வரைபடத்திலிருந்து அழிக்காதீர்கள், விகிதம் எந்த நாளில் எச்சரித்தது என்று அங்கேதான் காட்ட முடியும்.

நிச்சயம் வரும் ஒரு கேள்வி: ‘பொங்கல் லீவில் மெஸ் மூடினால் தொட்டி என்ன சாப்பிடும்?’ சில வாரம் பட்டினி கிடந்தாலும் நுண்ணுயிர் தாங்கும். கெடுவது திறந்த அன்று முழு வாளியைக் கொட்டும்போதுதான். விடுமுறை முடிந்து எந்த நாளில் எத்தனை கிலோ என்ற அட்டவணையைக் கையில் வைத்திருங்கள்.