செய்வன திருந்தவா, திருத்தவா? குறுக்கெழுத்தில் சறுக்கும் இடங்கள்

ஞாயிறு பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியில் எனக்கு அதிகம் அடி விழுந்தது கடினமான சொற்களால் அல்ல. செம்மை, நேர்த்தி, ஒழுங்கு, செவ்வனே, சரிவர என்று ‘சரியாகச் செய்தல்’ என்ற பொருளைச் சுற்றி வரும் சொற்களால்தான். எல்லாம் தெரிந்த சொற்கள் என்பதால் குறிப்பை முழுதாக வாசிக்காமலே எழுதிவிடுகிறோம்.

சென்ற மாதம் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் பிளேன்டீயுடன் உட்கார்ந்தேன். ‘செய்வன ––– செய்’, நான்கு கட்டங்கள். ஆத்திசூடி தெரியாதவனா நான்? பேனாவாலேயே ‘திருத்த’ என்று எழுதினேன். கராஜில் வாகனம் திருத்துகிறோம், ஆசிரியர் விடைத்தாள் திருத்துகிறார். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. ஔவையார் சொன்னது ‘திருந்த’. மூன்றாம் கட்டத்தின் வழியே மேலிருந்து கீழாக ‘தெருக்கள் கூடுமிடம்’. ‘சந்தி’ வரவேண்டிய இடத்தில் என் ‘த்’ புகுந்து ‘சத்தி’ (நம் ஊரில் வாந்தி) ஆகிவிட்டது. எட்டிப்பார்த்த மனைவி, “காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டே போனால் அதுவும் வரும்தான்” என்றாள்.

இன்னொரு தவறு, குறிப்பின் வாலைக் கவனிக்காதது. நேர்த்தி, ஒழுங்கு, செவ்வனே, சரிவர எல்லாமே நான்கு கட்டங்கள்தான். (புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு, புதியவர்கள் அதை எண்ண மறந்துவிடுவார்கள்.) ‘குறைவில்லாமல்’ என்று கேட்டால் செவ்வனே அல்லது சரிவர பொருந்தும், நேர்த்தி பொருந்தாது. ‘குறைவில்லாத தன்மை’ என்றால் பெயர்ச்சொல்லைத் தேட வேண்டும். ‘முறைப்படி’யில் ‘ப்’ சொல்லுக்குள் இருப்பதால் கட்டம் கேட்கும். ‘சரிவரச் செய்’ என்பதில் உள்ள ‘ச்’ அடுத்த சொல்லுக்காக வந்தது, அதற்குக் கட்டம் தேடாதீர்கள்.

நம் ஊர் வழக்கும் காலை வாரும். நேர்த்தி என்றதும் நமக்குக் கதிர்காமத்துக்கு வைத்த நேர்த்திதான் நினைவுக்கு வருகிறது. வேலைப்பாட்டின் அழகைக் கேட்டால் அந்தச் சொல் எளிதில் எட்டுவதில்லை. ஒழுங்கு என்று எழுதப்போய் ஒழுங்கைக்குள் (நம் ஊர்ச் சந்துக்குள்) நுழைந்தவர்களும் உண்டு. ‘குற்றம்’ என்று குறிப்பு இருந்தால் நம் வாயில் முதலில் வருவது பிழை. கட்டம் மூன்று இருந்தால் அது ‘தவறு’ ஆக இருக்கலாம். ‘சிவப்பு’ என்று கேட்டாலும் செம்மை வரலாம் என்பதை மறக்கக்கூடாது.

கடைசியாக, அழிப்பதில் அவசரம். முதல் கட்டத்தில் ‘ர்’ விழுந்தால் குறுக்கே வந்த விடை பிழை என்று உடனே அழித்துவிடுவார்கள். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பது உண்மைதான். ஆனால் குறிப்பின் ஓரத்தில் ‘வலமிருந்து இடம்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் அந்த ‘ர்’ நீங்கள் தேடும் ‘சீர்’ என்ற சொல்லின் வாலாக இருக்கலாம்.