அன்பாகப் பழக்கும்போதும் நாம் செய்யும் தவறுகள்

தின்பண்டம் கொடுத்துப் பழக்கியும் நாய் சொல்பேச்சுக் கேட்கவில்லை என்று வருந்துபவர்கள் பயிற்சி தரும்போது அருகில் நின்று கவனித்தால், அந்த நாய் ஓயாமல் கற்றுக்கொண்டிருப்பது தெரியும். இனிய விளைவைத் தந்த செயலையே விலங்கு மீண்டும் செய்கிறது என்பதை, பூனைகளைப் பெட்டிக்கூண்டுகளில் விட்டு ஆராய்ந்த எட்வர்ட் தார்ன்டைக் 1898-இலேயே எழுதிவிட்டார். நாம் மனத்தில் நினைப்பது நாய்க்கு எட்டாது; எந்த அசைவின்போது நல்லது கிடைத்ததோ, அந்த அசைவுதான் அதன் நினைவில் நிற்கும்.

ஒரு காட்சியைப் பாருங்கள். 'உட்கார்' என்கிறோம். நாய் பின்னங்கால்களை மடித்து அமர்கிறது. நாம் பைக்குள் கைவிட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் நான்கைந்து விநாடிகள் ஓடிவிடுகின்றன. அதன் சரசரப்பு கேட்டதுமே நாய் எழுந்து வந்து கையை முகர்கிறது. அந்த நேரத்தில்தான் துண்டு அதன் வாய்க்குப் போகிறது. உட்கார்ந்ததற்குக் கொடுத்தோம் என்று நாம் எண்ணுகிறோம். எழுந்து வந்ததற்குக் கிடைத்தது என்று நாய் எடுத்துக்கொள்கிறது. செயலுக்கும் வெகுமதிக்கும் இடையே ஓரிரு விநாடிகளுக்கு மேல் போகக் கூடாது என்பதால், பயிற்சி தொடங்கும் முன்பே துண்டுகளை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். உடனே கொடுக்க முடியாத தொலைவில் நாய் இருந்தால், 'சபாஷ்' போன்ற ஒரு குறுஞ்சொல்லோ அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவியின் ஒலியோ அந்த இடைவெளியை நிரப்பும். உளவியலாளர் ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரிலாண்டும் மரியன் பிரிலாண்டும் 1940-களில் விலங்குப் பயிற்சிக்குக் கொண்டுவந்த உத்தி இது. ஒலி எழுந்தால் வெகுமதி வந்தே தீர வேண்டும்; ஒலியை மட்டும் எழுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் அது நாளடைவில் வெற்றொலியாகிவிடும்.

தின்பண்டத்தைக் கையில் காட்டியே வேலை வாங்குவதும் பலர் செய்யும் பிழைதான். ஒரு செயலை முதன்முதலில் புரியவைக்கக் கையில் காட்டலாம். நான்கைந்து முறைக்குப் பிறகு வெறுங்கையால் அதே சைகையைச் செய்து, நாய் செய்து முடித்த பின்னரே துண்டை எடுத்துத் தர வேண்டும். துண்டு பட்டாணி அளவு இருந்தால் போதும். அன்றாட உணவின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தின்பண்டங்கள் தாண்டக் கூடாது. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் சைலிட்டால் கலந்த இனிப்புகள் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால் அவற்றை எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது.

மேலே தாவும் பழக்கத்தை நிறுத்த முயல்பவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். தாவும் நாயைக் கையால் தள்ளுவதும் 'வேண்டாம், வேண்டாம்' என்று கத்துவதும் கூட அதற்குக் கவனிப்புதான். கவனிப்பே அது தேடிய வெகுமதி. முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றால் முதலில் தாவல் இன்னும் கூடும். பலன் இல்லை என்று நாம் கைவிடுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். அப்போது விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாகத் தாவினால் கிடைக்கும் என்பதை நாமே கற்பித்தவர்கள் ஆவோம். நான்கு கால்களும் தரையில் படும் கணத்தில் குனிந்து தடவிக்கொடுக்க வேண்டும். வீட்டில் உள்ள அனைவரும் அதையே செய்ய வேண்டும், ஏனெனில் எப்போதாவது கிடைக்கும் பரிசு எப்போதும் கிடைக்கும் பரிசைவிடப் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும்.

அழைக்கும் சொல்லைக் கெடுத்துவிடுவதைத்தான் இவை எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுகிறேன். எங்கள் வீட்டு நாய், 'வா' என்றதும் மூன்றடி தள்ளி நின்று வாலைத் தாழ்த்திக்கொண்டு பார்க்கத் தொடங்கியபோதுதான், குளிப்பாட்டவும் காதில் மருந்து விடவும் விளையாட்டை முடித்துக் கயிற்றைக் கட்டவும் அந்த ஒரு சொல்லையே நாங்கள் பயன்படுத்தி வந்திருந்தது எனக்கு உறைத்தது. பழைய சொல்லை விட்டுவிட்டு 'இங்கே' என்ற புதிய சொல்லை எடுத்துக்கொண்டோம். இரண்டடித் தொலைவிலிருந்து அழைத்து, வந்ததும் அதற்கு மிகவும் பிடித்ததைக் கொடுத்து, மீண்டும் ஓடி விளையாட விட்டோம். பிடிக்காத வேலைகளுக்கு அழைக்காமல் நாங்களே எழுந்து அதனிடம் போனோம். அது தயங்காமல் ஓடிவரப் பல வாரங்கள் ஆயின. தாமதமாக வந்த நாயைத் திட்டுவதும் இதே வகைத் தவறுதான். தாமதத்துக்காகத் திட்டுவதாக நாம் நினைப்போம், வந்ததற்கான திட்டாகவே அது நாயைச் சென்றடையும்.

வெகுமதியும் தண்டனையும் கலந்தால்தான் 'மதிப்பு' வரும் என்று நம்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஓநாய்க் கூட்டத்தைத் தலைவன் அடக்கி ஆள்வதுபோல் நாமும் நாயை அடக்க வேண்டும் என்பார்கள். அந்த ஓநாய்க் கதை, கூண்டில் அடைத்துவைத்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து உருவானது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் என்பவரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பம் என்று 1999-இல் எழுதித் திருத்தினார். 'தப்புச் செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்' என்பதும் அப்படிப்பட்டதே. நாய்களின் அறிவாற்றலை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களை வைத்து ஆராய்ந்தபோது, அந்தக் குற்றவாளி முகம் உரிமையாளரின் திட்டுக்கே எதிர்வினையாக வந்தது; தவறே செய்யாத நாயும் திட்டப்பட்டால் அப்படியே விழித்தது.

உறுமலைத் தண்டிப்பது இவற்றுள் ஆபத்தானது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அச்சம் அப்படியே தங்கி, நாய் ஒரு நாள் முன்னறிவிப்பின்றிக் கடிக்கக்கூடும். உணவுத் தட்டருகே போனால் உறுமும் நாயை, அது உறுமாத தொலைவிலேயே கடந்து செல்லுங்கள். கடக்கும்போதெல்லாம் தட்டில் உள்ளதைவிடச் சுவையான ஒரு துண்டை அதன் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். நம் காலடி கேட்டதும் நாய் உடலை இறுக்காமல் எதிர்பார்ப்போடு தலையை நிமிர்த்திப் பார்க்கத் தொடங்கிய பிறகே ஓர் அடி நெருங்கலாம். உறுமல் புதிதாகத் தொடங்கியிருந்தால் எங்கேனும் வலி இருக்கக்கூடும் என்பதால், பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ஏற்கெனவே கடித்திருந்தால் இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்து பார்க்காமல், வெகுமதி வழியில் தேர்ந்த ஒருவரின் துணையோடுதான் செய்ய வேண்டும்.